பிழை இலக்கம் 212

விரல் வைக்கிற பெட்டி முதல்நாளே
என்னை ஆரென்று கேட்டது.
வலப் பெருவிரல், இல்லை.
இடப் பெருவிரல், இல்லை.
இருபத்திரண்டு வருஷம்
சங்கக்கடைக் காசெண்ணித் தேய்ந்த ரேகை.
"சின்னவிரலை வைச்சுப் பாருங்கோ அன்ரி"
என்றான் வாசலில் நின்ற பெடியன்.
சின்னவிரலுக்குக் கதவு திறந்தது.

அதைத்தான் என் முதலாவது பிழையாகக்
கணக்கில் வைத்திருக்கிறேன்.
சம்பளமில்லாமல் பிடித்தது
அதற்கும் முந்தி ஒன்று:
சங்கத்துக்குக் கொம்பியூட்டர் வந்த மாதம்
மண்ணெண்ணெய்க் கணக்கில்
லீற்றருக்கு ஐம்பது சதத்தை அது விழுங்கியது.
கொழும்பிலிருந்து வந்தவர் மூன்று நாள் தேடினார்.
நான் கொப்பியைக் காட்டினேன்.
"உங்களுக்கு நல்ல மூளை" என்றார்.
போகும்போது என் கதிரையையும்
அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுப் போனார்.

ஆட்குறைப்புக் காசு கூரைக்கு என்று
தங்கச்சி இந்திராணியிடம் சொன்னேன்.
திருநெல்வேலியில் மாலை வகுப்புக்குக் கட்டினேன்.
அந்த மாரி முழுக்கக்
குசினியில் இரண்டு வாளி.

இப்போது நாற்பத்தெட்டு வயதில் பயிலுநர்.
மூன்றாம் மாடி, குளிரூட்டியின் வாயடியில் கதிரை.
சுற்றிவர இருக்கிறதுகள்
நான் சங்கத்தில் சேர்ந்தபின் பிறந்ததுகள்.
காதுக்குள் எதையோ செருகித்
தலையாட்டித் தலையாட்டி எழுதுதுகள்.
அதுகள் கட்டுவதை
உடைத்துப் பார்ப்பது என் வேலை.

உடைக்க எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.
பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துப் போடுவேன்.
பிறந்த திகதியை வெறுமையாக விடுவேன்.
நிரந்தர முகவரி கேட்டால்
ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது ஊர் எழுதுவேன்.
ஏழாவது ஊரில் எல்லாம் உறைந்து நிற்கும்.
"ஆர் அன்ரி இப்பிடி எழுதப்போறது?" என்பான் நிதுர்ஷன்.
எழுதினவள் பக்கத்தில் இருக்கிறேன் என்று
சொல்லமாட்டேன்.
பிழைக்கு இலக்கம் போடுவேன்.
நல்ல பிள்ளை, திருத்திவிடுவான்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது
ஒரு காப்புறுதிப் படிவம்.
திருமண நிலை.
அம்புக்குறியை அமத்தினால் நாலு சொல் இறங்கும்:
திருமணமாகாதவர், திருமணமானவர்,
மணமுறிவு பெற்றவர், கணவரை இழந்தவர்.
ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது.

நான் தொடவில்லை.
பின்னேரத் தேத்தண்ணி ஆறி ஏடு கட்டியது.

அறிக்கை எழுதினேன்.
'எதிர்பார்த்தது' என்று அதில் ஒரு வரி உண்டு.
'நடந்தது' என்று அதன் கீழே இன்னொன்று.
இரண்டுக்கும் இடையில்
பதினேழு வருஷம் இருந்துவிட்டுத்
தட்டத் தொடங்கினேன்.

காலையில் மறுமொழி:
"என்ர மெஷினில இந்தப் பிழை வருகுதில்லை."
அவனுக்கு இருபத்திமூன்று வயது.
வராதுதான், ராசா.

பிறகு ஏதோ யோசித்திருக்கிறான்.
மத்தியானம் ஐந்தாவது சொல் இறங்கியது:
மற்றவை.
பக்கத்தில் பச்சை நிறத்தில்
'மூடப்பட்டது'.

மற்றவையாக எத்தனை கந்தோரில்
எத்தனை வாங்கில் இருந்திருப்பேன்.
என் கோவையை மூடத்தான் எல்லாருக்கும் அவசரம்.
ஒரு சான்றிதழ், கொஞ்சக் காசு,
நான் இன்னும் வைக்காத ஒரு கையெழுத்து.

'மீளத் திற' என்றொரு பொத்தான் இருந்தது.
எந்தக் கந்தோரிலும் இதை எனக்குக் காட்டவில்லை.
அமத்தினேன்.

நிதுர்ஷன் கதிரையை உருட்டிக்கொண்டு வந்தான்.
காதில் கிடந்ததைக் கழற்றினான்.
"அப்ப என்னெண்டு போடுறது, அன்ரி?"

எனக்கும் தெரியாது.
"யோசிப்பம்" என்றேன்.
அவன் நாலைந்து சொல்லைத் தட்டித் தட்டி அழித்தான்.
கீழே ஆஸ்பத்திரி வீதியில்
மானிப்பாய் மினிபஸ் கோன் அடித்தது,
என்னைத் தெரிந்த றைவர், இரண்டு தரம்.
போகட்டும்.
அடுத்தது ஆறு மணிக்கு இருக்கிறது.